சன்னாசி வாங்கிய பாட்டில்

கதவு தெறந்துதான் இருக்கு டீச்சர், தள்ளிட்டு வாங்க. செருப்ப கழட்ட வேணாம், இந்த வண்டிச் சக்கரமே வாசல்லயும் ஓடுது வீட்டுக்குள்ளயும் ஓடுது, என் வீட்டுத் தரைக்கு மண்ணெல்லாம் பழக்கம். என்ன அது, கேசரியா? பால் காய்ச்சியாச்சா? நல்லது, அந்த மேசையில வைங்க. உக்காருங்க. நாற்காலி ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருக்கேன். எனக்கு எதுக்கு, நான் எங்க போனாலும் நாற்காலியோடதான போறேன்.

சிரிக்கலாம் டீச்சர், தப்பில்ல. சொல்றவளே நான்தான்.

உங்க வீட்டுல முன்ன யாரு இருந்தான்னா கேட்டீங்க? சன்னாசின்னு ஒருத்தரு. தோட்டத்துல ஆளுங்கள வேல வாங்கற மண்டோரா இருந்தவரு. ரப்பர் மரத்த அழிச்சு செம்பனை நட்டப்ப எங்களுக்கெல்லாம் இந்தத் தாமான்ல வீடு குடுத்தாங்க பாருங்க, அப்ப அவருக்கு அது, எனக்கு இது. நடுவுல ஒரு கம்பி வேலி. பொண்டாட்டி செத்து ஒம்பது வருஷம். கோயில்ல ஞாயித்துக்கிழமை தேவாரம் சொல்லிக்கொடுப்பாரு, பதினஞ்சு வருஷமா. நல்ல மனுஷன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. சொன்னாங்க. என்னையக் கேட்டா, என்னைய ஏமாத்தினவரு. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும், மூஞ்ச மாத்திக்கக் கூடாது. நான் புகை பிடிக்கிறவ.

பாத்தீங்களா, மாத்திட்டீங்க. பரவால்ல.

ரப்பர் கிளவ் செய்யற பேக்டரியில இருந்தப்ப பழகினது. பதினேழு வருஷம் அங்க. பிரேக் விட்டா பின்பக்கம் படியில உக்காருவோம், மெய் லிங்னு ஒரு சீனச்சி, நானு, ரெண்டு நேப்பாளப் பொண்ணுங்க. ஒரு சிகரெட்ட நாலு பேரு சுத்தி விடுவோம். ஒருத்தி பேச்சு ஒருத்திக்குப் புரியாது, ஆனா நல்லாச் சிரிப்போம். அப்புறம் ஒருநா பேக்டரி பஸ்சு கவுந்துச்சு. இடுப்புக்குக் கீழ போச்சு, வலது கையில இந்த ரெண்டு வெரலு மடங்காது. பன்னெண்டு வருஷம் ஆச்சு. மெய் லிங் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ வந்தா. அப்புறம் அவளுக்கும் வேல.

சிகரெட்டு மட்டும் கூடவே வந்துச்சு.

ஆனா இந்தத் தாமான்ல எப்படி வாங்குவேன் சொல்லுங்க. முக்குல இருக்கே மளிகைக் கடை, அது கோயில் தலைவரு அய்யாக்கண்ணு கடை. ஆம்பள ஊதினா அது பழக்கம். பொம்பள ஊதினா அது நடத்தை. எந்தம்பி ஜோகூர்ல இருந்து வர்றப்பக் கொண்டாந்து குடுப்பான், அதையும் குளிக்கிற ரூம்ல ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊதுவேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சன்னாசி இருமுவாரு. கேட்டதில்ல. இருமுவாரு, அவ்வளவுதான்.

அப்புறந்தான் இந்த வேப் வந்துச்சு. கிளினிக்குல டாக்டரம்மா நெஞ்சுல சத்தம் கேக்குதுன்னு திட்டினாங்க, நானே போன்ல தேடிப் பாத்து வாங்கினேன். பேனா கணக்கா ஒரு மெசினு, அதுக்குள்ள ஊத்தறதுக்கு ஒரு தண்ணி. மாம்பழ வாசன. புகையும் இல்ல, நாத்தமும் இல்ல. யாராச்சும் வந்து, என்ன பூங்காவனம், எப்பப் பாத்தாலும் ஒன் வீட்டுல மாம்பழம் மணக்குதேன்னா, ஏர் பிரஷ்னருன்னுடுவேன். சிகரெட்ட சுத்தமா விட்டேன் டீச்சர். நெஞ்சுச் சத்தமும் நின்னுச்சு. டாக்டரம்மாவே சொன்னாங்க.

ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போன்லயே ஆர்டர் போடுவேன். ஹாஷிம்னு ஒரு பார்சல்காரரு கொண்டாருவாரு. எல்லா வீட்டுலயும் கேட்டுல வீசிட்டுப் போறவரு, என் வீட்டுல மட்டும் மோட்டார நிறுத்தி, எறங்கி, கையில குடுப்பாரு. நல்லா இருக்கீங்களாக்கான்னு மலாய்ல கேப்பாரு. சில வாரத்துல என்னைய யாராச்சும் கேட்ட கேள்வி அது ஒண்ணாத்தான் இருக்கும்.

அந்த நேரத்துலதான் சட்டம் வந்துச்சு. இனிமே போன்ல விக்கக்கூடாது, பார்சல்ல அனுப்பக்கூடாது. வேணுங்கிறவங்க கடைக்கு நேர்ல வரணும். கேட்டா வயசு தெரிய ஐசி கார்டு காட்டணும். சின்னப் பிள்ளைங்க வாங்கிடக் கூடாதுன்னு செஞ்சது. நல்லதுதான், நான் குத்தம் சொல்லல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பையில எல்லாம் கெடக்குதாம்ல, உங்களுக்குத் தெரியாததா. ஆனா எனக்கு அம்பத்து நாலு வயசு. டவுனு இருபத்திரண்டு கிலோமீட்டரு. பஸ்சு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதுல மூணு படி. இந்த வண்டிய யாரு தூக்குவா? வாடகைக்கு வேன் எடுக்கலாம்னா, வேன் ஓட்டற மகேந்திரன் சம்சாரம் கோயில்ல எனக்குப் பக்கத்துல உக்காருறவ. எங்கக்கா போறீங்கன்னு அவன் கேட்டா நான் என்ன சொல்ல?

வேடிக்கையப் பாருங்க. சிகரெட்டு வேணும்னா முக்குக் கடையில இருக்கு, வெக்கத்த விட்டு ஒரு போன் போட்டா அய்யாக்கண்ணு வீட்டு வாசலுக்கே அனுப்பிடுவாரு. எந்தக் கருமத்த விட்டேனோ அது பக்கத்துல இருக்கு. எதைப் பிடிச்சுக்கிட்டு விட்டேனோ அது இருபத்திரண்டு கிலோமீட்டர்ல இருக்கு.

எட்டு நாளு தாங்கினேன். பொய் சொல்லல, எட்டு நாளு. ஒம்பதாம் நாளு காலையில சன்னாசி வந்தாரு. தெனமும் வருவாரு, என் குப்பைத் தொட்டிய ரோட்டு வரைக்கும் தள்ளிவிட. நான் அவர அண்ணேன்னும் கூப்பிட மாட்டேன், பேரு சொல்லியும் கூப்பிட மாட்டேன். இந்தாங்கன்னுவேன்.

"இந்தாங்க, டவுனுக்குப் போறப்ப ஒரு சாமான் வாங்கணும்."

"சொல்லுங்க."

"தண்ணி."

மனுஷன் என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "என்ன தண்ணி?"

"வேப் தண்ணி."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

குப்பைத் தொட்டி மூடிய அமுக்கி மூடினாரு. அப்புறம் சட்டப் பையில இருந்து பேனாவ எடுத்து நீட்டினாரு. "பேரு, நம்பரு எல்லாம் எழுதிக் குடுங்க. இல்லாட்டி நான் மாத்தி வாங்கிட்டு வந்துடுவேன்."

அவ்வளவுதான் டீச்சர். ஏன்னு இல்ல, எதுக்குன்னு இல்ல. சே, என்ன மனுஷன்னு அன்னிக்கு நெனச்சேன்.

கடையில குடுக்கிற பாட்டிலு மூடி வேற மாதிரி. அமுக்கிக்கிட்டே திருகணும். பிள்ளைங்க தெறந்துடக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்காங்களாம். எனக்கு இந்த ரெண்டு வெரலும் ஒத்துழைக்காது. மொத நாளு பல்லால கடிச்சுத் தெறக்கப் பாத்து உதடு கிழிஞ்சு போச்சு. அதப் பாத்துட்டு மறுதடவையில இருந்து அவரு தன் வீட்டுலயே தெறந்து, என் பழைய பாட்டில்ல ஊத்திக் கொண்டாருவாரு. மெசின்லயும் ஊத்திக் குடுப்பாரு. குடுத்துட்டு இந்த நாற்காலியில, நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுலதான் உக்காருவாரு. நான் ஊதுவேன். ஊதறப்ப மொகத்த ஜன்னல் பக்கம் திருப்பிக்குவாரு, ஆனா எழுந்து போக மாட்டாரு. தேவார வகுப்புக் கதையெல்லாம் சொல்லுவாரு. எந்தப் பிள்ள 'மாசில் வீணை'ய சினிமாப் பாட்டு மாதிரி பாடுச்சு, எது தூங்கி விழுந்துச்சு. பத்து நிமிசம் இருப்பாரு. சில நாளு அரை மணி நேரம். ஏழெட்டு மாசம் இப்படிப் போச்சு.

அப்புறம் அந்தப் படம் வந்துச்சு.

கோயிலுக்கு வாட்சாப் குரூப் ஒண்ணு இருக்கு, நானும் அதுல இருக்கேன். ஒருநா மத்தியானம் குமுதவல்லி ஒரு படம் போட்டா. அவ பொண்ணு ரெண்டும் தேவாரம் படிக்குதுங்க. டவுன்ல வேப் கடையில இருந்து சன்னாசி எறங்கி வர்றாரு, கையில பை. கீழ எழுதியிருந்தா, இவருதான் நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவரு, வாழ்க வளமுடன். அதுக்கு முந்தின மாசந்தான் கோயில்ல பிள்ளைங்களுக்கு வேப் கூடாதுன்னு சுகாதார இலாகாவுல இருந்து ஆள் வந்து பேசினாங்க. மேடையில பக்கத்துல உக்காந்து மால போட்டது சன்னாசி. விடுவாங்களா? டிங்கு டிங்குன்னு என் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. நான் படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். அந்தப் பையில இருந்தது என் மாம்பழம்.

நான் டைப் பண்ணேன் டீச்சர். அவரு மேல தப்பில்லன்னு டைப் பண்ணேன். அப்ப யாரு மேலன்னு கேப்பாங்களே. அழிச்சுட்டேன். திரும்ப டைப் பண்ணேன். அதுக்குள்ள இன்னும் முப்பது பேரு எழுதிட்டாங்க, அதுக்கு நடுவுல நான் ஒருத்தி எழுதி என்ன ஆகப் போவுது?

ஞாயித்துக்கிழம கூட்டம் போட்டாங்க. நான் போகல. கோயில் மண்டபத்துக்கு நாலு படி, நான் எப்படி ஏறுவேன்? ஆமா, பக்கத்துல சரிவு ஒண்ணு இருக்கு. கும்பாபிஷேகத்தப்ப எனக்காக சன்னாசிதான் சிமெண்டு கொழைச்சுப் போட்டாரு. வழக்கமா அதுலதான் ஏறுவேன். ஆனா அன்னிக்கு மழ, சிமெண்டு வழுக்கும். இங்க வீட்டுல இருந்தே மைக்குச் சத்தம் கேட்டுச்சு.

அய்யாக்கண்ணு கேக்கறாரு, "வாங்கினது உண்மையா?"

"உண்மை."

"உங்களுக்கா?"

மைக்குல மழச் சத்தந்தான் கேக்குது.

"வேற யாருக்காச்சும் வாங்கினீங்கன்னா சொல்லிடுங்க, இதோட முடிச்சுக்குவோம்."

நான் இங்க ஜன்னலுகிட்ட உக்காந்திருக்கேன். கைய சக்கரத்து மேல வச்சிருக்கேன்.

"நான்தான் வாங்கினேன். வேற பேச்சு இல்ல"ன்னாரு. கோயில் சாவிய மேசையில வச்ச சத்தங்கூட மைக்குல கேட்டுச்சு.

இப்பச் சொல்லுங்க. நான் அவர மறைக்கச் சொன்னேனா? என் பேரச் சொல்லாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா? அவரா செஞ்சது. அவரு சொல்லியிருந்தா நான் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் நெனக்கிறேன்.

மறுநாளு காலையில எப்பவும் போல குப்பைத் தொட்டியத் தள்ள வந்தாரு. அந்த வாரமும் டவுனுக்குப் போயி வாங்கிட்டு வந்தாரு. அதுக்கடுத்த தடவையும் வாங்கிட்டு வந்தாரு. ஆனா உக்காரல. நாலு பேரு பாப்பாங்கன்னு இருக்கும். பாட்டில குடுத்துட்டு, சாப்டாச்சான்னு கேட்டுட்டுப் போயிடுவாரு. ஞாயித்துக்கிழமையில பிள்ளைங்க பாடற சத்தம் கோயில்ல இருந்து வரும், வேற யாரோ சொல்லிக்கொடுக்கிறாங்க. அந்த நேரத்துக்கு அவரு வீட்டுல ரேடியோவ சத்தமா வைப்பாரு.

ரெண்டு மாசத்துல கிள்ளான்ல இருந்து மக வந்தா, அப்பா இங்க தனியாக் கெடந்து பேரக் கெடுத்துக்க வேணாம்னு கூட்டிட்டுப் போயிட்டா. போற அன்னிக்கு என் வாசல்ல வந்து நின்னாரு. "போயிட்டு வர்றேன்"னாரு. "சரிங்க"ன்னேன். மக கார்ல ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தா.

குடுத்துட்டுப் போன பாட்டிலு மூணு வாரத்துக்கு வந்துச்சு. தீந்ததும் வேற வழியில்ல, மகேந்திரன் வேன எடுத்தேன். கண்ணு டாக்டர்னு சொன்னேன். கண்ணு டாக்டருக்கு முன்னால எறக்கி விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டான், அங்கருந்து வேப் கடைக்கு நானே உருட்டிக்கிட்டுப் போனேன். கடைக்கு ஒரு அடி உயரத்துல திண்டு. ஏற முடியாது. நடைபாதையில நின்னு கையத் தட்டிக் கூப்பிட்டேன், நாலு பேரு பாக்க. ஒரு சீனப் பொண்ணு வந்தா. பாட்டில் பேரச் சொன்னேன். என் பழைய பாட்டிலக் காமிச்சேன். அந்தப் பேருல தண்ணி வாங்கறது அங்க ஒரே ஆள்தானாம், அதப் பாத்ததும் மொகம் மலர்ந்துச்சு அவளுக்கு. மலாய்ல கேட்டா, "உங்க வீட்டுக்காரர் வரலையா?"

நான் இல்லன்னு சொல்லல.

"எப்பவும் அவருதான வருவாரு"ன்னா. "அதே ஜீரோ தரவா?"

"என்ன ஜீரோ?"

தண்ணியில நிகோட்டின்னு ஒண்ணு கலந்திருக்கும் டீச்சர். அதுதான் ஆளப் பிடிச்சு இழுக்கிறது. நான் எழுதிக் குடுத்தது ஆறு நம்பரு. இந்த மனுஷன் மொத மூணு மாசம் ஆறு வாங்கியிருக்காரு. அப்புறம் மூணாம் நம்பரு. கடேசி அஞ்சு மாசமா ஒண்ணுமே இல்லாதது. வெறும் மாம்பழ வாசன. அதக் கொண்டுபோயி வீட்டுல என் பழைய பாட்டில்ல ஊத்திக் குடுத்திருக்காரு, ஆறு நம்பரு போட்ட பாட்டில்ல. என் வெரலுக்காகன்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன். கொஞ்ச நாளா தொண்டையில பிடிப்பே இல்லையேன்னு எனக்குந்தான் தோணுச்சு, மெசினு பழசாயிடுச்சுன்னு நெனச்சேன்.

"அங்கிள்தான் கேட்டாரு, கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணும்னு"ன்னு அந்தப் பொண்ணு சிரிக்கறா. "பொண்டாட்டி மேல ரொம்ப அக்கற."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அரசாங்கம் ஒரு பக்கம் உக்காந்து எனக்கு எது நல்லதுன்னு முடிவு பண்ணுது. மூடி செய்யிறவன் ஒரு பக்கம் முடிவு பண்ணுறான். கோயில் ஒரு பக்கம். சரி, இவராச்சும் என்னைய ஒரு மனுஷியா மதிச்சுக் கேட்டத வாங்கிட்டு வர்றாருன்னு நெனச்சா, இவரும் அதே. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? இந்தாங்க பூங்காவனம், கொறைச்சுக்கலாமான்னு கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்? காலு போனா புத்தியும் போயிடுமா?

அதான் சொன்னேன், ஏமாத்திட்டாருன்னு.

அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டிருக்கா, எது வேணும்னு. ஆறு குடுன்னு கேக்கத்தான் வாயெடுத்தேன். "அதையே குடு"ன்னுட்டேன்.

பைய வாங்கி மடியில வச்சு வண்டியத் திருப்புறேன், எதிர்ல குமுதவல்லி.

"என்னக்கா, இங்க?" கண்ணு கடை போர்டுக்குப் போவுது, என் மடிக்கு வருது. "யாருக்குக்கா வாங்குறீங்க?"

டீச்சர், அந்த நேரத்துல நான் சொல்லியிருக்கலாம். எனக்குன்னு ஒரு வார்த்த. அவரும் ஊர்ல இல்ல, கூட்டமும் இல்ல, மைக்கும் இல்ல. நடைபாதையில ரெண்டே பேரு.

"சன்னாசிக்கு"ன்னேன்.

"அவருதான் கிள்ளான் போயிட்டாரே?"

"அங்க கெடைக்கலையாம். பார்சல் போடச் சொன்னாரு."

கிள்ளான்ல கெடைக்காத வேப்பா? தெருவுக்கு ரெண்டு கடை இருக்கும் அங்க. அதுகூட அவளுக்குத் தோணல. தலையில அடிச்சுக்கிட்டா. "இந்த வயசுலயும் திருந்தல பாருங்க. அதுவும் நடக்க முடியாத உங்களப் போயி அலைய விடுறாரு. நீங்க நல்லவங்கக்கா, அதான் ஏய்க்கிறாரு." என் வண்டியத் தள்ளி வேன் வரைக்கும் கொண்டாந்து விட்டா. டீயும் வாங்கிக் குடுத்தா. சாயங்காலமே குரூப்புல எழுதியாச்சு. எனக்குக் கும்பிடு போட்டு நாப்பது பேரு.

அந்த ஞாயித்துக்கிழம அவரு போன் பண்ணாரு. வாரா வாரம் பண்ணுவாரு, அங்க போனதுல இருந்து. நான் ஜீரோ கதைய வச்சு நல்லாக் கேக்கணும்னு வாக்கியமெல்லாம் சேத்து வச்சிருந்தேன். எடுத்ததும் அவரு சொன்னாரு, "பூங்காவனம், நீங்க எனக்குப் போட்ட பார்சல் இன்னும் வந்து சேரலையே?"

சொல்லிட்டுச் சிரிச்சாரு. குரூப்புல இருந்து அவர நீக்கிட்டாங்க, ஆனா யாரோ சொல்லியிருக்காங்க. கோவமே இல்ல டீச்சர், அந்தச் சிரிப்புல. சும்மா, நாங்க ரெண்டு பேரும் சேந்து பண்ண விளையாட்டு மாதிரி. கோவமா ரெண்டு வார்த்த திட்டியிருந்தார்னா நானும் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், ஏதாச்சும் ஆயிருக்கும். இவரு சிரிக்கறாரு.

"அனுப்புறேன்"னேன். வச்சுட்டேன்.

அதுக்கப்புறம் ரெண்டு ஞாயிறு போன் அடிச்சுச்சு. நான் எடுக்கல. என்னன்னு எடுப்பேன்? மூணாவது ஞாயிறு அடிக்கல. அப்புறம் வீட்ட வாடகைக்கு விட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், நீங்க வந்து எறங்கினீங்க. இப்ப ஊதறதுகூட இல்ல. அந்தப் பாட்டிலு பிரிக்காம அப்படியே இருக்கு, அந்த மூடிய யாரு தெறக்கறது.

எழுந்துட்டீங்களா? ஆமா, நேரமாச்சு, உங்களுக்கும் சமைக்கணும். கேசரிப் பாத்திரத்தக் கழுவித் தர்றேன், பொறவு வந்து எடுத்துக்குங்க. இல்ல, நாளைக்கே வாங்க, அவசரம் இல்ல.

டீச்சர், ஒரு நிமிசம். வெள்ளிக்கிழம கோயிலுக்கு உங்களக் கூப்பிடுவாங்க. நீங்க இங்க யாரையும் தெரியாதவங்க, அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவும் சொன்னேன். அங்க யாராச்சும் சன்னாசியப் பத்தி ஒரு மாதிரியாப் பேசினா, கேட்டுட்டு வந்துடுங்க. நமக்கு எதுக்கு.

இல்ல... உங்களுக்கா மனசு கேக்காம, அவரு அப்படிப்பட்டவரு இல்லன்னு சொல்லணும்னு தோணினா, சொல்லுங்க. நல்லாவே சொல்லுங்க, எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.